கதவுக்குள் போன நீட்டு ஸ்குரூ

1992, ஐப்பசி, வியாழன் ராத்திரி.

என் மகன் செல்வம் ஓட்டுற வாடகை அம்பாசிடர்ல பின்கதவுக் கண்ணாடி கதவுக்குள்ளே விழுந்துடுச்சு. சாயங்காலம் கதவோட உள் அட்டையைக் கழட்டி, கண்ணாடியைத் தூக்கி நிறுத்தினான். திருப்பி மாட்டறப்போ அட்டையைப் புடிக்கிற கிளிப்பெல்லாம் உடைஞ்சிருந்தது. கீழ்மூலையில ஒரு நீட்டு ஸ்குரூவைப் போட்டு முறுக்கிட்டான். அட்டை நல்லா நின்னுச்சு. ஆனா உள்கைப்பிடியை இழுத்தா கதவு திறக்கலை. பூட்டுக்குப் போற கம்பியை அந்த ஸ்குரூ அழுத்திக்கினு இருந்தது.

"கழட்டுடா"ன்னேன்.

"இன்னா நைனா, அட்டை தொங்கறதை ஓனர் பார்த்தா சாவியைப் புடுங்கிடுவாரு. நானே எறங்கி வெளியில திறந்து வுடறேன். சவாரி வர்றவங்க ராஜா மாதிரி எறங்கட்டும்."

விடிஞ்சா திருப்பதி சவாரி. பின்சீட்ல குழந்தைங்க. குமணன்சாவடியில கவுந்த வண்டி எனக்கு இன்னும் மறக்கலை. நாங்க வெளியிலேர்ந்து கதவை இழுத்துக்கினு இருந்தோம், வரலை. உள்ளே ஒரு பொம்பளை கைப்பிடியைத் தேடிக்கினே இருந்தா.

மகன் தூங்கினதும் போய் ஸ்குரூவைக் கழட்டிட்டேன். கதவு உள்ளேயிருந்து திறக்குது. அட்டை வாயைப் பிளந்துகினு தொங்குது. வண்டியை அனுப்ப ஓனர் வெள்ளனே வருவாரு. கழட்டினது நான்தான்னு முன்னாடி போய் நின்னு சொல்லணும். அவர் கேப்பாரோ என்னமோ. இந்த வேலை போனா அவனுக்கு வேற வண்டி இல்லை.

எழுப்பிச் சொல்லலாம்னு பாயாண்ட போய் நின்னேன். திரும்பி வந்துட்டேன். எழுப்பினா மறுபடி முறுக்கிடுவான்.