லைன் 5: அசைவு இல்லை

ஜூன் 12, 2006, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. குடைக்கம்பி முறிந்தது. தலவாக்கலையில் வாங்க: பேட்டரி, சவர்க்காரம், குடை.

பல்கலைக்கழக ஆராய்ச்சி உதவியாளர் என்று பேர். செய்வது சகதியில் கட்டை அளப்பது. மண்சரிவு பார்க்க மலைச்சரிவில் அடித்திருக்கும் கட்டைகள், ஐந்து வரிசையும் அளந்து முடிந்தது. இரண்டாம் வரிசை மறுபடி இறங்கியிருக்கிறது, நாலு விரற்கடை. அதற்கு நேர் கீழே ஐந்தாம் லயம், தொழிலாளர் குடியிருப்பு. நல்லவேளை, அந்த ஏழு குடும்பமும் போன வாரமே தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது. போன வார அறிக்கை தோட்ட ஆபீசுக்கும் பேராசிரியருக்கும் வெள்ளியே அனுப்பியாயிற்று. கணுக்கால் முழுக்க அட்டைக்கடி.

ஜூன் 13, செவ்வாய்

பள்ளிக்கூடம் காலி! ஐந்தாம் லயத்துப் பரமேஸ்வரி அக்கா, தினம் எனக்குப் பிளேன்டீ தருகிறவர், தலையில் மூட்டையோடு லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் மறித்தேன்.

"யாருக்கா போகச் சொன்னது?"

"நீங்கதானே மிஸ்! அஞ்சாம் லைனு அசையலன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களாம். கிளாக்கரய்யா காலையில பெரட்டுல, பேர் கூப்புடுறப்ப வாசிச்சாரு. ரெண்டாம் லைன் ஆளுங்களத்தான் சாமானக் கட்டச் சொன்னாரு. அவங்க ஒங்களுக்கு மண்ணள்ளித் தூத்துறாங்க."

பேரா.வின் படிவத்தில் கட்டை வரிசைக்கு ஆங்கிலத்தில் 'லைன்' என்றுதான் அச்சு. அப்படியே நிரப்பினேன். லை.2: அசைவு உண்டு. லை.5: அசைவு இல்லை. தோட்டத்தில் லைன் என்றால் லயம், வேறென்ன? இரண்டாம் லயமோ முகட்டில், பாறை மேல், அசைக்க முடியாத இடத்தில். டயகம தோட்டத்தில், லயத்து ஒற்றை அறையில், லைன் காம்பராவில் பிறந்து வளர்ந்தவள் நான். எனக்கு உறைக்கவில்லையே. த்தூ!

ஆபீசுக்கு ஓடினேன். கிளாக்கர்: "எழுத்துல லைன் அஞ்சுன்னுதானே இருக்கு? இப்ப வாயால மாத்துனா எப்புடிம்மா? யுனிவர்சிட்டி கடுதாசி கொண்டாங்க, தொரைகிட்ட வைக்கிறேன்."

தொரை, தோட்ட மேனேஜர், உள்ளேதான் இருந்தார், கண்ணாடி வழியே தெரிந்தது. வெளியே வரவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறவர்கள் வேலைக்குப் பிந்துகிறார்களாம், அந்தக் கவலைதான் அவருக்கு. அளந்தவள் நேரில் நின்று சொல்கிறேன், அது செல்லாதாம்.

ஜூன் 14, புதன்

மழை. டவுனில் கொமியுனிகேஷன் கடையிலிருந்து பேரா.வுக்குப் போன். யாழ்ப்பாணத்துக்காரர், குரலை உயர்த்த மாட்டார்.

"அறிக்கை பிழையெண்டு நாங்களே கடிதம் குடுத்தா, தோட்டத்துக்காரர் இனி எங்களை உள்ள விடமாட்டினம். மாசக் கடைசி அறிக்கையில திருத்துவம்."

"ஆளுங்க அதுக்குக் கீழதான் இருக்காங்க சேர்."

"உம்மட வேலை அளக்கிறது. அதைச் செய்யும். வேலை புதுப்பிக்கிற மாசம் இது, நினைவிருக்கட்டும்."

மாசக் கடைசி! மழை மாறுகிறது, மலைச்சரிவை அதற்கேற்பப் பலப்படுத்த வேண்டும் என்று கொழும்புக் கூட்டங்களில் படம் போட்டுக் காட்ட இவருக்குத் தெரிகிறது. ஒரு கடுதாசி எழுதக் கை வரவில்லை. ஆத்திரத்தில் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். நல்ல கருவாடு, வீண். பயமும்தான். இந்த வேலை போனால் வீட்டில் எந்த முகத்தோடு சொல்வது?

ஜூன் 15, வியாழன்

காலை, பெரட்டுக் களம். கங்காணி பேர் கூப்பிடுமுன் கல்லின் மேல் ஏறிக் கத்தினேன்.

"லைன்னு நான் எழுதுனது கட்ட வரிசைய. ஒங்க லயத்த இல்ல. தப்பு என்னோடது. மல எறங்குறது அஞ்சாம் லயத்து மேலதான். யாரும் அங்க இருக்காதீங்க!"

இரண்டாம் லயத்து ஆள் ஒருவர்: "அப்ப நாங்க கட்டுன மூட்டைய அவுக்கலாமா? நல்லா அளந்தீங்க போங்க!" எல்லாரும் சிரிப்பு. எனக்கு அழுகை முட்டியது.

பரமேஸ்வரி அக்கா கூடையை இறக்கிவைத்தார். "எங்க பேரக் கூப்புடாதீங்க கங்காணி. சாமான் எடுக்கப் போறோம்." ஏழு வீட்டுப் பெண்களும் அவர் பின்னால் போனார்கள்.

கிளாக்கர் என்னிடம்: "ஒங்க மேல யுனிவர்சிட்டிக்கு எழுதித்தான் ஆகணும்." எழுதட்டுமே. அதுதானே தெரியும்.

ஜூன் 17, சனி

வெயில். மலை அப்படியே நிற்கிறது. ஆபீசில் கேலி. பல்கலைக்கழகத்திலிருந்து ஃபேக்ஸ்: பதவி புதுப்பிக்கப்படாது, திங்கள் கருவிகளை ஒப்படைக்கவும். கிளாக்கர் நீட்டினார். "கடுதாசி கேட்டேன்ல, வந்திருச்சு." ஆளைக் காப்பாற்ற மாசக் கடைசி, ஆளைத் தூக்க ரெண்டே நாள்! அங்கேயே கிழித்துப் போடலாம் போல் இருந்தது. போடவில்லை.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பாய் விரித்துத் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். பரமேஸ்வரி அக்கா: "மல எறங்கலன்னா என்னா மிஸ்?"

"என்னய ஏசுங்க."

"ஏசுவோம்ல," என்று பிளேன்டீயை நீட்டினார்.

மத்தியானம் கடைசியாக அளந்தேன். இரண்டாம் வரிசை, இன்னும் ஒரு விரற்கடை. இப்படியே நின்று தொலை, நான் பொய்க்காரியாகவே போகிறேன் என்று மலையிடம் வாய்விட்டுச் சொன்னேன்.