பட்டியலில் இல்லாத பெயர்

அன்புள்ள மார்லீன்,

பேஸ்பால் சீசன் முடிந்துவிட்டது. எங்களுக்கு மூன்றாம் இடம். இந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் என்று பத்திரிகையில் பட்டியல் வந்திருக்கிறது. முதல் பெயர் வென்டெல். பந்து வீசியே பதினெட்டு ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்தவன். அத்தனையிலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவன் பந்தைப் பிடித்தவன் நான். என் பெயர் இல்லை.

நேற்று மேனேஜர் கூப்பிட்டார்.

"முழங்கால் எப்படிய்யா இருக்கு?"

"நல்லாருக்கு."

"உக்காந்து எந்திரி, பாப்போம்."

உட்கார்ந்தேன், எழ முடியவில்லை. அவரே கைகொடுத்துத் தூக்கினார். "போதும்யா, வீட்டுக்குப் போ" என்றார். வெளியே வென்டெல் அழுதுகொண்டு நின்றான். எனக்கு அழுகை வரவில்லை, களைப்பாக இருந்தது.

நம் மகள் பிறந்த அன்றும் நான் ஆடிக்கொண்டுதான் இருந்தேன். அதன்பிறகு நீ என்னிடம் எதையும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் ஓமாஹா வந்து இறங்குவேன். நீ வர வேண்டாம். வருகிறவர் யார் என்று மகளிடம் மட்டும் முன்பே சொல்லிவை.

இன்னும் உன் கணவன்