அப்பாவின் ஆங்கில நோட்டு

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் அங்கே சுகமாக இருக்கிறீர்கள் என்றே நம்புகிறேன், இல்லாவிட்டாலும் நீ வாய் திறக்கமாட்டாய் என்பது வேறு விஷயம். வாராவாரம் ஃபோனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று பதறாதே, யாருக்கும் ஒன்றும் இல்லை. ஃபோனில் சொல்ல வாய் வராத சமாச்சாரம் ஒன்று இருக்கிறது, அதற்கு முன்னால் மற்றதைச் சொல்லிவிடுகிறேன். உன் அம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை, ஆனால் படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்துதான் அவளுக்கு மாடியில் ஆயிரம் வேலை. சமையலறைச் சுவரில் ஈரம் ஏறிப் பூச்சு உதிர்கிறது, நாளைக்கு வருகிறேன் என்று கொத்தனார் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. உன் அறையில் கிடந்த மேசையைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டேன். எதற்கு என்று கேட்பாய். நான் படிக்கிறேன்.

சிரிக்காதே. இரண்டு மாதமாகச் செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் நூலகத்து மாடியில் நடக்கிற ஆங்கில வகுப்புக்குப் போகிறேன். டீச்சர் உன்னைவிடச் சின்னப் பெண். முப்பத்தோரு வருஷம் பஸ் பணிமனையில் ஸ்டோர் பார்த்தவனுக்கு ஒரு புத்தி உண்டே, எந்தச் சாமான் வந்தாலும் அதற்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு அட்டை. நோட்டையும் அப்படியே மூன்றாகப் பிரித்தேன். பொருளின் பெயரெல்லாம் முதலில், செய்கிற வேலையெல்லாம் நடுவில், நல்லது கெட்டது பெரியது சின்னது என்று குணம் சொல்வதெல்லாம் கடைசியில். லைட் என்றால் விளக்கு, முதல் பகுதியில் எழுதினேன். அடுத்த வாரம் அடுப்பைப் பற்றவைப்பதும் லைட் என்றாள். அதற்கடுத்த வாரம் கனமில்லாத பையும் லைட்டாம். வாட்டர் தண்ணீர் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும், செடிக்கு அதை ஊற்றுவதும் வாட்டர்தானாம். நாம் எந்த ஆங்கிலச் சொல்லைப் பிடித்தாலும் வாலில் ஒரு பண்ணுவைக் கட்டித்தானே வேலைக்கு அனுப்புகிறோம், ஃபோன் பண்ணு, க்ளீன் பண்ணு என்று. அவர்களுக்கு அந்த வாலும் வேண்டாம், சொல் உட்கார்ந்த இடத்திலிருந்தே வேலைக்குக் கிளம்பிவிடுகிறது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து நின்று, ஒரே சாமானை மூன்று பெட்டியில் போட்டால் இருப்பு எப்படியம்மா எடுப்பது என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஐயா, வார்த்தையத் தனியா எடுத்து வெச்சுப் பாக்காதீங்க, அது யார் பக்கத்துல நிக்குது, அங்க என்ன வேலை செய்யுதுன்னு பாருங்க, அப்புறமாப் பேர் வைங்க என்றாள். ஸ்பேனரால் ஆணி அடித்த மெக்கானிக்குகளை ஓட ஓட விரட்டியவன் நான், எனக்கு அது லேசில் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் புலம்பினேன். கிழிந்த போர்வையை வெட்டித் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், மனுஷங்களையே பெட்டி போட்டு வெக்கிற ஆளு நீங்க, வார்த்தைங்க எம்மாத்திரம் என்றாள். எதைச் சொல்கிறாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். உனக்கும் தெரியும். மூன்று மாதத்துக்கு முன் சின்னவள் ஃபோனில் ஏதோ ஆசையாக மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்ற வெட்கத்தில், இந்தக் கிளிப்பேச்சையெல்லாம் உங்கம்மாகிட்ட வெச்சுக்கோ என்று கத்திவிட்டேன். என் பேத்தியையே வேற்றாள் என்கிற பெட்டியில் போட்டு மூடினேன். அவளுக்குத் தமிழ் புரியாவிட்டாலும் கோபம் புரிந்தது. கொழந்த பேசுனது இங்கிலீஷ்தான், ஆனா பேசுனது உங்ககிட்டதான என்று உன் அம்மா அன்றைக்குச் சொன்னாள். அவளுக்கு ஒரு சொல் ஆங்கிலம் தெரியாது, இருந்தும் அந்தக் குழந்தையோடு அரைமணி நேரம் பேசுகிறாள், என்ன பேசுகிறார்கள் என்று கேட்டால் அது எங்களுக்குள்ள என்கிறாள்.

அன்றிலிருந்து நான் ஃபோனை வாங்கிச் சின்னவள் எங்கே என்று கேட்டால் தூங்குகிறாள் என்கிறாய். பின்னால் அவள் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது பாப்பா. சரி தூங்கட்டும் என்று நானும் சொல்லிவிடுகிறேன். உன்மேல் குற்றமில்லை, என்னை நோகடிக்கக்கூடாது என்றுதான் சொல்கிறாய். ஆனால் அந்தக் காலடிச் சத்தத்துக்காகவே ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று காத்திருக்கிறேன். அவளைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது, உன்னையும்தான். நான் படிப்பதெல்லாம் அவளிடம் பிரசங்கம் செய்வதற்கு இல்லை. தப்பு என்னுடையது என்பதை அவள் பாஷையில் நானே சொல்லவேண்டும், நீ மொழிபெயர்த்தால் அது உன் மன்னிப்பாகிவிடும். அந்த ஒரு வாக்கியத்தை டீச்சரிடம் திருத்தி வாங்கி, குளிக்கும்போது சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், உன் அம்மா கதவைத் தட்டி உடம்புக்கு என்ன என்று கேட்கிறாள்.

அதைச் சொல்ல அவள் பக்கத்தில் வரவேண்டுமே. அதனால் ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிறு, நான் பேசும் முறை வந்ததும் அவளைக் கூப்பிடாதே, கெஞ்சாதே. அவள் விளையாடுகிற இடத்தில் ஃபோனைத் தரையில் வைத்து, தாத்தா இதில் இருக்கிறார், சும்மா இருப்பார் என்று மட்டும் சொல்லிவிட்டு உன் வேலையைப் பார். அவளாக என்னோடு பேசினால் நான் மனப்பாடம் செய்ததைச் சொல்வேன். பேசாவிட்டால் அவள் பொம்மையோடு பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். மூன்று பேரும் நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும். மறந்துவிடாதே, எவ்வளவு நேரமானாலும் அந்த ஃபோனை நீ எடுத்து வைத்துவிடக்கூடாது. அன்றைக்கு அவள் சொன்னதைப் பாதியில் நிறுத்தினேன். இந்தத் தடவை, புரிந்தாலும் புரியாவிட்டாலும், அவள் முடிக்கிறவரை கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா