தனியாக இருந்தவனுக்கு மூன்று மாதம்

புரட்டாதி, செவ்வாய் இரவு

இன்று நீதிமன்றத்தில் இரண்டு பேர் என் முன் நின்றார்கள். தெல்லிப்பழைத் தோட்டமொன்றில் தண்ணீர் இறைக்கும் மெசினை இருவரும் சேர்ந்தே திருடியிருந்தார்கள். சேர்ந்தே குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். முதலாமவனின் சட்டத்தரணி வழக்கம்போல மனைவியையும் கைக்குழந்தையையும் எழுப்பி நிறுத்தினார். சிறைத்தண்டனையை ஒத்திவைத்து அவனை வீட்டுக்கு அனுப்பினேன்.

மற்றவனுக்காக ஒருவரும் எழும்பவில்லை.

"வீட்டிலை ஆர் இருக்கினம்?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லை ஐயா. நான் தனிய."

இவன் உள்ளே போனால் வெளியே யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை என்று நினைத்தேன். மூன்று மாதம் கொடுத்தேன். அவன் கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து வீட்டைப் பூட்டி வந்த திறப்பை எடுத்து நீட்டினான்.

"இதை ஆரிட்டைக் குடுக்கிறது ஐயா?"

சிறைக்காவலரிடம் கொடுக்கச் சொன்னேன்.

பின்னேரம் உத்தியோக விடுதிக்கு வந்து என் திறப்பால் கதவைத் திறந்தேன். நீதவான் என்பதால் இந்த ஊரில் நான் யார் வீட்டுக்கும் போவதில்லை. இங்கே யாரும் வருவதுமில்லை. காலையில் குடித்த தேநீர்க் கோப்பை மேசையில் அப்படியே இருந்தது.

திருட்டுக்குத்தான் தண்டனை என்றால் இருவருமல்லவா போயிருக்க வேண்டும்? அவன் கூடுதலாகச் செய்தது தனியாக இருந்தது மட்டும்தான். அதற்கு மூன்று மாதம்.