கடைசிப் பத்து

கார்மேல் மடம்
2.10.2024

அன்புத் தம்பி பினுவுக்கு,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. முதல் வரியிலேயே உனக்கு முகம் சுளித்திருக்கும். இருபது வருடப் பழக்கம், கை தானாக எழுதிவிடுகிறது.

நாங்கள் மடத்து வாசலைத் தாண்டுவதில்லை, கையில் போனும் கிடையாது. அம்மாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டதைப் பக்கத்து வீட்டு விலாசினி சேச்சி மகளைக் கொண்டு எழுதியதில்தான் தெரிந்துகொண்டேன். ஷாலுவைக் கட்டி, அவளுடைய பெந்தெகொஸ்தே சபையில் நீ சேர்ந்ததிலிருந்து எனக்கு ஒரு வரி எழுதியதில்லை. சரி, அது கிடக்கட்டும்.

சேச்சி எழுதிய ஒன்று என்னைத் தூங்க விடவில்லை. அம்மா ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தால் மரத்துப்போன விரலுக்கு மணி நகர்வது தெரியவில்லையாம். இடது கைக்கோ முன்பே நடுக்கம். பாதியில் எண்ணிக்கை தவறிப்போகிறது. உடனே முதலிலிருந்து தொடங்குகிறாளாம். ஒரு நாளும் முடிப்பதில்லை, அழுதுகொண்டே தூங்குகிறாளாம்.

பினு, நீ ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம். சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு மணியாக நகர்த்திக் கொடுத்தால் போதும். செய்வாயா?

அன்புடன்,
செலின் அக்கா


குன்னத்துகால்
9.10.2024

மதிப்பிற்குரிய சிஸ்டர் அவர்களுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

கடிதம் கிடைத்தது. அம்மாவைக் குளிப்பாட்டுவது நான். தலை வாரி விடுவது நான். ஷாலு குவைத்தில் நர்ஸ் வேலையில் இருக்கிறாள். வெள்ளறடை ஸ்டாண்டில் ஆட்டோவைப் போட்டுவிட்டு, மதியம் வருகிற சவாரியையும் விட்டுவிட்டு வந்து கஞ்சி கொடுக்கிறேன். மடத்துக்குள் இருந்துகொண்டு யோசனை சொல்வது எளிது.

அம்மாவின் ஜெபமாலையை நான் பிடுங்கவில்லை. தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது. ராத்திரி என் ஜெபத்தில் அவளுக்காக வேண்டுகிறேன், அவளும் ஆமென் சொல்லுவாள். ஆனால் மணியை நகர்த்தித் தர என்னால் முடியாது. மாதா, ஜெபமாலை இதெல்லாம் இனி வேண்டாம் என்று சபைக்கு முன்னால் சொல்லி ஞானஸ்நானம் எடுத்தவன் நான். மனசாட்சிக்கு விரோதமாக உட்கார்ந்து மணி உருட்டினால் அம்மாவையும் ஏமாற்றுகிறேன், ஆண்டவரையும் ஏமாற்றுகிறேன்.

இன்னொன்று. நான் சபையில் சேர்ந்தபோது ‘இனி எனக்குத் தம்பி இல்லை’ என்று எழுதினீர்கள். இல்லாத தம்பியிடம் எப்படி உதவி கேட்கிறீர்கள்?

பினு


கார்மேல் மடம்
15.10.2024

அன்புத் தம்பி பினுவுக்கு,

‘சிஸ்டர் அவர்களுக்கு’ என்று எழுதியிருந்தாய். நன்றாகவே குத்தியது. அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. எனக்குத் தம்பி இல்லாமல் வேறு யார் இருக்கிறார்கள்?

நான் கேட்டதை விட்டுவிடு. மனசாட்சியைக் கெடுத்துக்கொண்டு நீ அதைச் செய்ய வேண்டாம். நான் இங்கே பூசைக்கான அப்பம் சுடுகிறேன், தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறேன், ஜெபிக்கிறேன். அம்மாவின் காலை ஒரு தடவையாவது கழுவி விட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. நீ தினமும் கழுவுகிறாய். உண்மையைச் சொன்னால் பொறாமையாகத்தான் இருக்கிறது.

ராத்திரி வீட்டில் நாம் ஜெபமாலை சொன்னது உனக்கு நினைவிருக்கிறதா? ஐம்பது மணியில் முதல் பத்து அப்பாவுக்கு, அடுத்த இரண்டும் அம்மாவுக்கு, நாலாவது எனக்கு, கடைசிப் பத்து உனக்கு. உன் முறை வருவதற்குள் நீ அம்மாவின் மடியில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பாய். எழுப்பச் சொல்லி அப்பா கத்துவார். ‘உறங்கட்டும், பிள்ளைக்க பங்கையும் நான் சொல்லியாச்சுன்னா தீந்துதே’ என்று அம்மா சொல்லி முடிப்பாள். உன் பங்கை நீ சொன்னதாக எனக்கு நினைவே இல்லை, கள்ளப் பயலே.

இப்போது அம்மாவால் முடிக்க முடியாததை நான் இங்கிருந்து முடிக்கிறேன். அவளிடம் அதை மட்டும் சொல்லு.

அன்புடன்,
செலின் அக்கா


குன்னத்துகால்
30.10.2024

அக்கா,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

நீ சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். ‘அவ அவளுக்கத சொல்லட்டும், எனக்குள்ளத நானாக்கும் சொல்லணும்’ என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். உன் ஏற்பாடு அம்மாவிடம் எடுபடவில்லை.

போன வாரம் நல்ல மழை. சவாரி இல்லை, நேரத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தினாள்.

“எலே பினு, இது எத்தனாவது மணியாக்கும்?”

“எனக்கு எப்பிடித் தெரியும்மா?”

“அப்ப முதல்லேருந்து வாறேன்.”

“கர்த்தர் எண்ணிக்கிட்டா இருக்காரு? சொன்னது போதும், படு.”

“அவரு எண்ண மாட்டாரு மக்கா. எனக்குத் தெரியுமே, பாதியில விட்டேன்னு. அரைகுறையா ஒரு வேல செஞ்சு எனக்குப் பழக்கம் இல்ல.”

மறுபடி தொடங்கினாள். மூன்றாவது தடவை தவறியதும் என்னைக் கேட்கவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அந்த முதுகை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை அக்கா. போய் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். அவள் சொன்னாள், நான் நகர்த்தினேன். வாயைத் திறக்கவில்லை. வேறு எதையும் நீ நினைத்துக்கொள்ளாதே, நான் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகத்தான் செய்கிறேன். பாஸ்டரிடம் இதை இன்னும் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டும்.

அன்று முதல் தினமும் இதுதான். ஆட்டோ சத்தம் கேட்டதும் கையை நீட்டி வைத்துக் காத்திருக்கிறாள்.

நேற்று அம்மாவுக்கு அசதி. கடைசிப் பத்தில் மூன்று மணி மீதி இருக்கும்போது தூங்கிவிட்டாள். அவள் கை என் கைக்குள் இருந்தது. வைத்துவிட்டு எழுந்துவிடலாம் என்று பார்த்தேன். விடிந்ததும் முதலில் அதைத்தான் கேட்பாள், எனக்கு அவளிடம் பொய் வராது. நீ எழுதியிருந்த குறட்டைக் கதையும் நினைவுக்கு வந்து தொலைத்தது. அந்த மூன்று மணியும் நகர்ந்த பிறகுதான் மாலையைத் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

காலையில் கண் விழித்ததும் கேட்டாள்.

“நேத்து முடிச்சோமாலே?”

“முடிச்சாச்சும்மா.”

பொய் சொல்லவில்லை அக்கா. இதற்கு மேல் நீ கேட்கக் கூடாது.

உன் தம்பி,
பினு