மஞ்சள் சுவருக்கு அங்கால்

என் ஆசைத் துரை அண்ணைக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. டோர்ட்மண்டில் எல்லோரும் சுகம். உங்கள் ஆண்டு நினைவு மலர் அச்சுக்குப் போகிற நேரத்தில் இதை எழுதுகிறேன். நல்ல மனநிலையில் எழுதவில்லை.

உங்கள் மகள் மீராவும் நானும் தென்னமெரிக்காவில் எக்குவடோர் போய்வந்தோம். "அப்பா அங்க மாசக்கணக்கா இருந்தும் ஒண்டும் பாக்கேல்லை மாமி, நாங்கள் போய்ப் பாப்பம்" என்றாள். அந்த நாடு எப்படி என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்லுவீர்கள்? "சுவர் நல்ல சுவர். மஞ்சள் சுவர்." கனடாவுக்குக் கள்ளமாய் அனுப்புகிறேன் என்று காசு வாங்கிக் கூட்டிப்போன ஏஜென்சிக்காரன் உங்களைக் கீட்டோ நகரில் ஓர் அறைக்குள் விட்டுப் பூட்டி, ஜன்னலுக்குப் பேப்பர் ஒட்டி வைத்திருந்தான். பிறகு கனடாவும் இல்லை, ஒன்றும் இல்லை. ஜெர்மனியில், பிராங்பேர்ட்டில் கொண்டுவந்து தள்ளிவிட்டான்.

அண்ணை, எங்கள் சுற்றுலாவை நடத்தியவன் யார் தெரியுமா? அவனேதான்! சோறு கறி கிடைக்கும் என்று மீரா ஒரு தமிழ்ப் பயண நிறுவனத்தில் பதிந்திருந்தாள். விமான நிலையத்தில் பார்த்தால் தொப்பியும் கொடியுமாக அவன் நிற்கிறான். நீங்கள் ஒரு கலியாண வீட்டில் காட்டித் தந்த அதே முகம். அப்படியே திரும்பியிருப்பேன். மீராவுக்காக ஏறினேன்.

நாடு என்றால் அப்படி ஒரு நாடு. காலையில் குளிர்ச்சட்டைக்குள் நடுங்கினோம், மத்தியானம் வாழைத்தோட்டத்தில் வியர்த்தோம், பின்னேரம் கடலில் கால் நனைத்தோம். இவ்வளவும் அந்த ஜன்னலுக்கு வெளியேதான் இருந்ததா, அண்ணை?

ஒரு நாள் முகில் விலகி, பனி மூடிய எரிமலை முழுதாகத் தெரிந்தது. அவன் மைக்கைப் பிடித்தான். "இந்த நாட்டை எங்கட பிள்ளையளுக்கு முதன்முதல் காட்டினது நான்தான்." பஸ் முழுக்கக் கைதட்டல். எனக்கு ஓங்காளம் வந்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

"என்ன தங்கச்சி, உயரம் ஒத்துவரேல்லையோ?" என்று இஞ்சி பிஸ்கட்டை நீட்டினான், அந்த வெட்கங்கெட்டவன்.

"நான் உங்கட தங்கச்சி இல்லை, துரையின்ர தங்கச்சி. நாட்டைக் காட்டினனீங்கள் எண்டால் ஜன்னலுக்கு ஏன் பேப்பர் ஒட்டினனீங்கள்?"

முகம் கொஞ்சம் கறுத்தது, அவ்வளவுதான். "அது அறையில இருந்தவையின்ர பாதுகாப்புக்குத்தானே. பழசைக் கிளறாதேங்கோ." கைதட்டியவர்களில் ஒருவராவது வாய் திறந்தாரா? மத்தியானச் சாப்பாடு எங்கே என்று கேட்டார்கள். சீ!

போன கிழமை மலருக்கு அவனிடமிருந்து ஓர் அஞ்சலி வந்தது, சிரித்த படத்தோடு. "என் பயணத் தோழர் துரை" என்று எழுதியிருக்கிறான். தோழராம்! வாசித்த பிறகு கையைக் கழுவவேண்டும்போல் இருந்தது. "கோயில் சபையில இருக்கிற பெரிய மனுசன், போடாட்டிக் குறை நினைப்பார்" என்று சொந்தக்காரர்கள் அண்ணிக்கு ஓயாமல் போன் எடுத்தார்கள். அண்ணியும் பாவம், போட்டுத் தொலைப்போம் என்கிற அளவுக்குக் களைத்துப்போனார்.

மலரைக் கணினியில் அடுக்குவது மீரா. "அவரின்ர பக்கத்தை நான் எடுத்திட்டன், மாமி. அம்மாவும் ஓம் எண்டிட்டா" என்று நேற்று வந்து சொன்னாள். அந்த இடத்தில் இப்போது அந்த எரிமலையின் படம், பக்கம் முழுக்க. கீழே அவள் கையெழுத்தில் ஒரு வரி: "அப்பா, சுவருக்கு அங்கால இதுதான் இருந்தது."

இனி யார் வந்து கெஞ்சினாலும் அந்தப் பக்கத்தின் மேல் ஒரு பேப்பரும் ஒட்ட விடமாட்டேன், அண்ணை.

உங்களுக்கு மட்டுமே தங்கச்சியான,
செல்வி