எட்டு மணி ஊசி

செவ்வாய், மார்ச் 4

காலையில் வார்டில் இருந்தவர்கள்: முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஆறாம் நாளில் நான், பக்கத்துக் கட்டில் டீச்சரம்மா, என் வீட்டுக்காரர், தலைமை நர்ஸ், தத்தித் தத்தி நடப்பதால் நான் ‘சிட்டு’ என்று கூப்பிடும் நர்ஸ் பெண்.

தலைமை நர்ஸ் ஒரு படிவம் தந்தார். ‘உங்களைத் தனிப்பட்ட முறையில் கவனித்தார்களா?’ ஒன்று முதல் ஐந்துக்குள் வட்டம் போடவேண்டுமாம். ஒரு வட்டத்தில் அடங்குமா? என் நோட்டையே வாசிக்கக் கொடுத்து, திரும்ப வாங்கிக்கொண்டேன். யார் எத்தனை மணிக்கு வந்தார், என்ன செய்தார், எல்லாம் அதில் உண்டு. “எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா உங்களுக்குத் தூக்கம் வரும்?” என்று சிட்டு முதல் நாளே கேட்டதும் உண்டு. முப்பது வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

புதன்

சிட்டு வரவில்லை. வேறொரு நர்ஸ். “பதினாலாம் பெட், கையை நீட்டுங்க.” சரியாக எட்டு மணி. வலிக்கவில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என் காலைப் பிரார்த்தனை பாதியில் நின்றது. தலையணை தப்பான பக்கம்.

புதன் மாலை

டீச்சரம்மா விசாரித்து வந்து சொன்னார். “உங்க நோட்டுதான் அவளை மாட்டிவிட்டிருக்கு. ஊசி எட்டு இருபதுன்னு நாலு நாள் எழுதியிருக்கீங்க. சார்ட்ல அவ எட்டுன்னு போட்டிருக்கா. வெள்ளிக்கிழமை விசாரணையாம்.”

ஐயோ! பிரார்த்தனையில் உட்கார்ந்தால் என்னைக் கூப்பிடாதே என்று நான்தானே சொன்னேன்? நான் கண் திறக்கும்வரை ஊசித் தட்டோடு நின்றாளே பாவி — புகழ்வதாக நினைத்து அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டேனே.

வியாழன்

படுத்தேன், எழுந்தேன், படுத்தேன். வீட்டுக்காரர் வந்து, “உன் கடிகாரம் தப்பா ஓடுதுன்னு சொல்லிடேன். அது கோவிச்சுக்கவா போகுது?” என்றார்.

அது ஒரு நிமிஷம்கூடப் பிசகாது. அதன் மேல் பழி போட்டுவிட்டு, கடவுள் முன்னால் எந்த முகத்தோடு உட்காருவேன்?

வியாழன், பிற்பகல்

தலைமை நர்ஸுக்கு எழுதிக் கொடுத்ததன் நகல்:

‘அம்மா, என் நோட்டில் உள்ள நேரம் சரி. சார்ட்டில் உள்ளது தவறு. தாமதம் என் காலைப் பிரார்த்தனையால். அந்தப் பெண் என்னைக் கேட்டுத் தெரிந்துகொண்டார், தெரிந்ததால் காத்திருந்தார். அதை எழுத உங்கள் படிவத்தில் இடமில்லை. இன்று ஏழரைக்கே பிரார்த்தனையை முடித்து, எட்டுக்குக் கையை நீட்டிக்கொண்டு இருந்தேன். முதல் நாளே இதைச் செய்திருக்கலாம், தோன்றவில்லை. நாளை விசாரணைக்கு என்னையும் சக்கர நாற்காலியில் அழைத்துப் போவீர்களா? தயவுசெய்து இன்றைக்கே பதில் சொல்லுங்கள்.’